தாம்பரம் என்ன பாலைவனமா?

"தாம்பரத்துல என்ன மச்சி இருக்கு? ஒண்ணுமே இல்ல. சுத்த பாலைவனம்!"

சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து தாம்பரம் ரயில் நிலையத்தில் நிற்கும் எந்த மாணவர் கூட்டத்திலும் இந்த வசனம் காதில் விழும். பத்து நிமிடத்தில் கடற்கரை ரயில் வரும். கூட்டம் ஏறிவிடும். தி.நகர், மெரினா என்று எங்காவது சுற்றிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் களைத்துப் போய்த் திரும்பித் தூங்கும். குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் வாசிகள் பலருக்கும் இதே கதைதான். ஊர் என்பது தூங்குகிற இடம். வாழ்கிற இடம் வேறு எங்கோ இருக்கிறது!

சரி, பாலைவனம் என்றே வைத்துக்கொள்வோம். நிஜமான பாலைவன ஊரில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்?

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் என்று ஓர் ஊர். தார் பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 20 செ.மீ.தான். அந்த ஊர்க்காரர்கள் "இங்க ஒண்ணுமே இல்ல" என்று உட்கார்ந்துவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் மரு மகோத்சவம் என்று பாலைவனத் திருவிழா நடத்துகிறார்கள். ஒட்டகப் பந்தயம், தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, கயிறு இழுக்கும் போட்டி, இரவானால் மணல்மேட்டில் பாட்டும் ஆட்டமும். கவனித்துப் பாருங்கள், எதுவுமே வெளியிலிருந்து வாங்கிய சரக்கு இல்லை. மணல், ஒட்டகம், தலைப்பாகை, மீசை... எல்லாம் கையிருப்பு! அதைப் பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

இப்போது தாம்பரத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. ஜெய்சல்மேருக்கு இரண்டு வருடத்தில் கிடைப்பதைவிட அதிகம், ஒரே நாளில்! இந்த ஊரைப் போய் பாலைவனம் என்றால் வருண பகவானே கோபித்துக்கொள்ள மாட்டாரா?

கணக்கில் எழுதாத சொத்துகள்

பி.காம். முதல் வருடத்திலேயே பேலன்ஸ் ஷீட் போடச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பக்கம் கடன், ஒரு பக்கம் சொத்து. தாம்பரத்துக்காரர்கள் போடும் பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கம் மட்டும் நிரம்பி வழிகிறது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசல், தூசி, மழை பெய்தால் தண்ணீர்... எல்லாம் உண்மைதான். சொத்துப் பக்கத்தை யாராவது எழுதியிருக்கிறார்களா?

எழுதிப் பார்க்கலாம்.

மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கோயில், யானையின் முதுகு போல வளைந்த விமானம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தஞ்சாவூருக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் பஸ் ஏறி இங்கே போயிருப்பார்கள்?

திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தரும் தலம். மலை உச்சியில் மாலைக் காற்று இலவசம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குவதையும் பார்க்கலாம்.

பல்லாவரம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம். இந்தியாவின் ஆதிமனிதன் ஆராய்ச்சியே அங்கேதான் ஆரம்பித்தது. அதே பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. பூச்செடி, பழைய நாற்காலி, கோழி, பழைய புத்தகம், ஒரு கால் இல்லாத மேசை வரைக்கும் கிடைக்கும். ஒன்றும் வாங்காமல் வேடிக்கை பார்த்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது!

வண்டலூர் உயிரியல் பூங்கா. 1855-ல் நகரத்துக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிச் சாலை, இடம் போதாமல் 1985-ல் இங்கே குடிவந்தது. நன்மங்கலம் காப்புக்காடு. பறவைகள் வந்திறங்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது இடத்துக்காகத்தான். அந்த வளாகத்தில் இன்றும் மான் பார்க்கலாம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோய் சானடோரியத்தை இங்கே தொடங்கினார். அந்தக் காலத்தில் நல்ல காற்றுக்காக ஜனங்கள் தாம்பரத்துக்கு வந்தார்கள். இன்று இந்த ஊர்க்காரர்கள் காற்று வாங்க மெரினாவுக்கு ரயில் ஏறுகிறார்கள். என்ன ஒரு தலைகீழ்!

தெருவும் ஒரு சொத்துதான்

இடங்களை விடுங்கள். ஒவ்வொரு தெருவிலும் நடப்பது என்ன? ஆடியில் அம்மன் கோயில் கூழ். நவராத்திரியில் வீட்டுக்கு வீடு கொலு, சுண்டல். மார்கழி விடியலில் பஜனை, வாசல் நிறையக் கோலம். பொங்கலுக்கு நகர் நலச்சங்கம் வைக்கும் உறியடி, இசை நாற்காலி. இவற்றில் கல்லூரி வயதுக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சின்னப் பிள்ளைகளும் ஓய்வு பெற்றவர்களும்தான் ஓடியாடுகிறார்கள். நடுவில் இருக்கிற ஒரு தலைமுறை கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இதெல்லாம் மொக்கை" என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் 2015 டிசம்பரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஜனங்கள் மொட்டை மாடிகளில் நின்றார்கள், படகு வந்து ஏற்றிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ராத்திரியில் முதலில் வரக்கூடிய உதவி பக்கத்து வீட்டிலிருந்துதான். எந்த வீட்டில் வயதான பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? பொங்கலுக்குச் சேர்ந்து உறியடித்த தெருவுக்குத் தெரியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத தெரு, பாவம், அந்த ராத்திரியில்தான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்!

பொழுதுபோக்கு என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அது ஊருக்குக் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

பயன்படுத்தாத சொத்து என்ன ஆகும்?

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. இயந்திரம் ஓட ஓடத் தேயும். ஊர்ச் சொத்து நேர் எதிர். யாரும் பயன்படுத்தாவிட்டால்தான் வேகமாகத் தேயும். ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கரையில் முதலில் குப்பை விழும், அடுத்து கழிவுநீர் வரும், அப்புறம் வேலி வரும், கடைசியில் பட்டாவே வந்துவிடும்!

இதற்கு மாற்று உதாரணமும் இங்கேயே இருக்கிறது. 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது சிட்லபாக்கம் மக்கள் மண்வெட்டியோடு தங்கள் ஏரியில் இறங்கினார்கள். ஐ.டி. வேலைக்காரர், இல்லத்தரசி, தாத்தா, பள்ளிப் பிள்ளை எல்லோரும் சேர்ந்து குப்பையை அள்ளினார்கள். அது செய்தியானது. அதே வருடம் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. ஜனங்கள் ஏரியைத் தங்களுடையது என்று நினைத்ததால்தானே அது காப்பாற்றப்பட்டது?

மறுபக்கமும் உண்டு

எல்லாப் பழியையும் இளைஞர்கள் தலையில் போடுவது நியாயம் இல்லை. பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. நிறைய ஏரிக்கரைகளில் மாலை ஆறரைக்கு மேல் வெளிச்சம் இல்லை, கழிப்பறை இல்லை. பையன்கள் டீக்கடையில் நின்று ஊரை அளக்கலாம், பெண்கள் எங்கே போவார்கள்? வெளிச்சமும் கூட்டமும் காவலும் இருப்பதால்தான் மால் ஜெயிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "உள்ளூரை நேசி" என்று உபதேசம் செய்வதில் பயன் இல்லை.

கேட்க வேண்டியதைக் கேட்கலாம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 2022-ல் அதன் முதல் மேயரான வசந்தகுமாரிக்கு அப்போது வயது 25. அதாவது, கல்லூரி முடித்துச் சில வருடம்தான்! அதே வருடம் நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது முதலமைச்சர் பம்மல் கூட்டத்துக்கே வந்து உட்கார்ந்தார். கிராம சபை போல நகரத்து ஜனங்கள் நேரில் கேள்வி கேட்கும் மேடை அது. ஏரிக்கரைக்கு விளக்கு, கழிப்பறை, விடுமுறை நாளில் பள்ளி மைதானத்தின் பூட்டைத் திறந்துவிடுதல். இந்த மூன்றையும் மாணவர்கள் எழுந்து நின்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? கேட்பதற்கு ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக...

தமிழில் பாலை என்பது தனியாகப் பிறந்த நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து கெட்டால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். ஜெய்சல்மேரை இயற்கை பாலைவனமாகப் படைத்தது, மனிதர்கள் அதை ஊராக்கினார்கள். தாம்பரத்தை இயற்கை ஏரியும் காடும் மலையுமாகத்தான் படைத்தது. அது பாலைவனமாவதும் ஆகாததும் இங்கே குடியிருக்கிறவர்கள் கையில்.

அடுத்த சனிக்கிழமை கடற்கரை ரயிலை ஒரு தடவை விட்டுவிடுங்கள் நண்பர்களே. மாடம்பாக்கத்துக்கு ஒரு டவுன் பஸ் பிடியுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மெரினா எங்கும் ஓடிப்போய்விடாது!