பேட்டரி வாங்கினால் போதுமா?

அந்தமான் சுற்றுலா போய்வந்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் சங்க நூலகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். அப்படியும் டீசல் ஜெனரேட்டரைத்தான் ஓட்டுகிறார்கள். பேட்டரி விலைதான் காரணமா சார்?" என்று கேட்டார். ரயில் பெட்டிகளின் அடியில் தொங்கும் பேட்டரிகளோடு முப்பத்தைந்து ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நான். பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. தள்ளி நடுக்கடலில் இருக்கும் அத்தீவுகளுக்கு இங்கிருந்து மின்கம்பி கிடையாது. மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்கும் டீசலிலிருந்து கிடைப்பது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால், ஆஸ்பத்திரி குளிர்பெட்டி முதல் பிள்ளைகளின் படிப்புவரை டீசல் கையிருப்பை நம்பியே நிற்கும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய மூன்றரை யூனிட் கிடைக்கும். லிட்டர் 80 ரூபாய் என்று வைத்தால், யூனிட்டுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் 23 ரூபாய்.

இனி பேட்டரிக் கணக்கு. ஒரு யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரியைத் தீவில் நிறுவ 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 0.8 யூனிட் எடுத்தால் பத்தாண்டில் 2,920 யூனிட். அதாவது யூனிட்டுக்கு எட்டரை ரூபாய். அதை நிரப்பும் சூரிய மின்சாரம் ஆறு ரூபாய். வட்டியையும் சேர்த்தால் இருபதை நெருங்கும்; அப்போதும் டீசலுக்குக் கீழேதான்.

மலிவு என்று 10,000 ரூபாய்க்கு ஈய-அமில பேட்டரி வாங்கினால்? தினம் பாதிதான் எடுக்கலாம். நான்கு ஆண்டில் ஓய்ந்துவிடும். மொத்தம் 730 யூனிட். யூனிட்டுக்குப் பதின்மூன்றரை ரூபாய்க்கு மேல்! கடையில் சொல்லும் விலை வேறு, கடைசியில் ஆகும் செலவு வேறு.

அளவையும் பார்க்க வேண்டும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. அதனுடன் உள்ள பேட்டரி 8 மெகாவாட்-மணி. முழுத் திறனில் 24 நிமிடம்தான் தாங்கும். மேகம் மறைக்கும்போது மின்சாரம் தள்ளாடாமல் காக்க அது உதவும். இரவு முழுவதும் விளக்கெரிய அதுபோல் பல மடங்கு வேண்டும். அடைமழைக் காலத்துக்கும் பேட்டரியே என்றால் செலவு கட்டுப்படியாகாது. அந்த நாட்களுக்கு டீசல் ஜெனரேட்டர் இருக்கட்டும்.

2010இல் யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரியின் உலகச் சராசரி விலை 2024இல் 115 டாலராக இறங்கிவிட்டது. ஆகவே விலை இன்று முதல் தடை அல்ல. என் கவலை வேறு.

மின்கம்பி எட்டாத மலைக் கிராமம் ஒன்றில், நன்கொடையில் வந்த சூரிய விளக்குத் திட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளத்தது. சூரியத் தகடுகளும் பழுதில்லை. பேட்டரிகள் மட்டும் செத்துக் கிடந்தன. மாற்றப் பணம் இல்லை. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. ஒரு மூதாட்டி மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்கு யோசித்த கதை!

தீவுகளுக்கு இந்தக் கதி வரக்கூடாது. மிச்சமாகும் டீசல் பணத்தில் யூனிட்டுக்கு எட்டரை ரூபாயை, வேறு எதற்கும் தொட முடியாத தனிக் கணக்கில் போட வேண்டும். பத்தாம் ஆண்டில் புதுப் பேட்டரி யாரிடமும் கையேந்தாமல் வந்து இறங்கும். ஒவ்வொரு தீவிலும் உள்ளூர்ப் பிள்ளைகள் இருவருக்காவது பயிற்சியும் நிரந்தர வேலையும் தர வேண்டும். உப்புக்காற்று, பொறியாளர் கப்பலேறி வரும்வரை காத்திருக்காது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: முதல் பேட்டரியை யார் வேண்டுமானாலும் வாங்கித் தரலாம். இரண்டாவது பேட்டரிக்கு இன்றே பணம் ஒதுக்குகிறவர்தான் தீவுக்கு வெளிச்சம் தருகிறவர்.