தோள் மட்டும் போதாது, நண்பர்களே!

 

ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னதும், நட்பைப் பற்றி ஒரு கவிதை கிறுக்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் மலரில் நட்புக் கவிதைக்கு எந்த வருடமும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் அந்த நட்பைப் பற்றியே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தவறிருந்தால் மன்னியுங்கள்.

என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் பக்கத்து இருக்கைக்காரனும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், ஒன்பதாவது படிக்கும்போது ஒரு லாரி விபத்தில் அவனுக்கு வலது கால் போய்விட்டது. செயற்கைக் காலும் ஒரு ஊன்றுகோலுமாகக் கல்லூரிக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். போடவில்லை.

நம் டிராயிங் ஹால் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மொத்தம் 44 படிகள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முதலாண்டு முழுக்க அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறியவன் நான். நான் வராத நாளில் வேறு யாராவது தூக்குவார்கள். மூட்டை தூக்குவது எங்கள் குடும்பத் தொழிலாயிற்றே, எனக்கு அது பாரமாகவே தெரியவில்லை. கல்லூரி ஆண்டு விழாவில் எங்களை மேடையேற்றிக் கைதட்டினார்கள். ‘நட்புன்னா இதுதாம்ப்பா!’ என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் மதியம் அவன் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். ‘சாப்பிட்டியாடா?’ என்று கேட்டேன். ‘சாப்பிட்டேன். தண்ணிதான் குடிக்கல’ என்றான். ஏன் என்று கேட்டதற்கு முதலில் பதிலே இல்லை. பிறகு மெல்லச் சொன்னான்: ‘பாத்ரூம் கீழ இருக்கு. ஒவ்வொரு தடவையும் உன்னை எப்படிடா கூப்பிடுறது? காலையில வீட்டுல ஒரு டம்ளர் குடிச்சா, அப்புறம் சாயங்காலம்தான்.’

நண்பர்களே, ஒன்றரை வருடம் அவனை முதுகில் சுமந்தவன் நான்! அவன் தாகத்தோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. மேடையில் வாங்கிய கைதட்டல் அன்றைக்குக் காதுக்குள் கசந்தது.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சொன்னார்: ‘மூட்டையத் தூக்கும்போது அதுகிட்ட நாம எதுவும் கேக்குறதில்ல. ஆனா மனுசன் மூட்டை இல்லையேடா.’

நம் வாசலில் இருக்கும் காவலர் ஐயாவை எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்தில் இருந்தவர். ஒரு காது சரியாகக் கேட்காது. அவரிடமும் இதைப் புலம்பினேன். அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. ‘தம்பி, சண்டையில அடிபட்டவனைத் தூக்கிட்டு வர்றது கூட இருக்குற சிப்பாயோட வேலை. அது பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் அவன் நாப்பது வருஷம் வாழணும்ல? அதுக்குன்னு தனியா ஆளு, இடம், பணம் எல்லாம் ஒதுக்கணும். நீங்க பத்து நிமிஷ வேலையையே ரெண்டு வருஷமாச் செஞ்சுக்கிட்டு இருக்கீங்க.’

அவர் சொன்ன பிறகு தேடிப் படித்தேன். முதல் உலகப் போரில் உடல் உறுப்பை இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்காக 1917ல் பம்பாயில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பெயர் குவீன் மேரி தொழில்நுட்ப நிலையம். பின்னர் அது புனே அருகே கிர்க்கிக்கு மாறியது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, உறுப்பிழந்தவனுக்கும் தொழில்நுட்பக் கல்வி தரலாம் என்று நம் மண்ணில் செய்து காட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு கதை அமெரிக்காவில் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944ல், போரிலிருந்து திரும்பும் வீரர்கள் படிக்க அரசே செலவு செய்யும் சட்டம் அங்கே வந்தது. படிப்புச் செலவுக்கு வழி பிறந்தது. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவன் கல்லூரிப் படியில் எப்படி ஏறுவான்? இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு கேல்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு கிளை இருந்தது. அது முன்பு ராணுவ மருத்துவமனையாக இருந்த இடம். அதனால் சாய்தளங்கள் ஏற்கெனவே இருந்தன. 1948ல் அங்கே டிமத்தி நூஜென்ட் என்பவர் ஊனமுற்ற மாணவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கினார். 1949ல் அந்தக் கிளையையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலிகளோடு மாநிலத் தலைநகருக்கே போய் முறையிட்டார்கள். அது பலிக்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகத்துக்குப் போய், எங்களாலும் இங்கே படிக்க முடியும் என்று காட்டினார்கள். சோதனை முயற்சி என்ற பெயரில்தான் இடம் கிடைத்தது. அந்தச் சோதனை முயற்சிதான் பிற்காலத்தில் மற்றக் கல்லூரிகளுக்கு முன்மாதிரியானது.

அடுத்து பெர்க்லி. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அவர் தங்க விடுதியில் வசதி இல்லை. வளாக மருத்துவமனையில்தான் இடம் கொடுத்தார்கள். அவரைப் போன்ற மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1970ல் அவர்களே முன்னின்று தங்களுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கினார்கள். கவனியுங்கள். அவர்களே!

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணனைப் பாருங்கள். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். 2020ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இந்தக் கதைகளில் நான் கண்டது ஒன்றுதான். நல்ல மனது எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது. ஆனால் அந்த நல்ல மனது ஓர் அலுவலகமாக, ஒரு பொறுப்பாளராக, ஒரு சாய்தளமாக மாறிய இடத்தில்தான் அடுத்து வந்தவனுக்கும் அது பயன்பட்டது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! 1995ம் ஆண்டுச் சட்டம் 3 சதவீத இடம் தந்தது. 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 5 சதவீதமாக உயர்த்தியது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. 2018ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். பட்டயப் படிப்பு மாணவருக்கும் பொருந்தும் ‘சக்‌ஷம்’ என்ற உதவித்தொகை ஒன்றும் வந்தது, ஆண்டுக்கு 50,000 ரூபாய். என் நண்பனுக்கு இந்த உதவித்தொகை இருப்பதே கடைசித் தேதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. யார் மேல் குற்றம்? யார் மேலும் இல்லை. சொல்ல வேண்டியது இன்னாருடைய வேலை என்று யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை, அவ்வளவுதான். சட்டம் இடத்தைக் கொடுத்துவிட்டது. இடத்துக்கும் டிப்ளமோவுக்கும் நடுவில் 44 படி இருக்கிறது.

‘ஒன்றிரண்டு பேருக்காக இவ்வளவு செலவா?’ என்று சிலர் கேட்கிறார்கள். பஸ்ஸே நிற்காத ஊரில் நின்றுகொண்டு, ‘இங்கே பஸ் ஏற ஆளே இல்லையே’ என்று சொல்வது போல இருக்கிறது இது. வழி இருந்தால்தானே வருவார்கள்?

செலவும் பெரிதல்ல. நாம் படிப்பது பாலிடெக்னிக்! ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. சிவில் மாணவர்கள் அளந்து குறித்துத் தரட்டும். கைப்பிடிக் குழாயை எங்கள் வெல்டிங் ஷாப்பில் நாங்கள் செய்கிறோம். காது கேளாதவருக்கு மணி அடிப்பது தெரிய, வகுப்பறையில் ஒரு விளக்கு எரிய வேண்டும். எலெக்ட்ரிகல் மாணவர்களுக்கு அது ஒரு மதிய வேலை. கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோமே, இதைவிட நல்ல தலைப்பு உண்டா? மாற்றுத்திறனாளி மாணவர் இருக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை. கால அட்டவணையில் ஒரு கோடு மாற்றினால் போதும்.

ஆனால் இதையெல்லாம் முன்நின்று நடத்த ஓர் ஆள் வேண்டும். ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராகப் போட்டு, அதற்கென வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, அவர் பெயரை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேண்டும். அட்மிஷன் அன்றே ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று அவர் கேட்க வேண்டும். தேர்வுச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் அன்றே படிவம் கொடுக்க வேண்டும். அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் குழுவில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் இருக்க வேண்டும். நானாக இருந்தால் முதலில் மாடிக்கு லிஃப்ட் கேட்டிருப்பேன். என் நண்பனைக் கேட்டேன். அவன் சொன்னது: ‘முதல்ல மாடியில ஒரு பாத்ரூம்டா.’ தூக்குகிறவன் முடிவெடுப்பதற்கும் தூக்கப்படுகிறவன் முடிவெடுப்பதற்கும் இதுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. இந்த வருடம் முதலாண்டில் ஒரு தங்கை வீல் சேரில் வந்து சேர்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு, காலை முதல் மாலை வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். டிராயிங் வகுப்பு நடக்கும் நாளில் அந்தத் தங்கை கீழேயே தனியாக வரைகிறாள். அவளை நாங்கள் தூக்க முடியுமா? அதை அவள் விரும்புவாளா? எங்கள் நட்பு, தோள், கைதட்டல் எதுவுமே அவளுக்கு உதவாது. அவளுக்கு வேண்டியது தோள் அல்ல, வழி.

ஏப்ரலில் தேர்வெழுதி நாங்கள் போய்விடுவோம். தூக்கிய முதுகுகளும் எங்களோடு போய்விடும். கட்டி வைக்கும் சாய்தளம் போகாது. நோட்டீஸ் போர்டில் ஏறிய பொறுப்பு போகாது.

மாணவர் பேரவை இந்தக் கோரிக்கையை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி முதல்வர் அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். முதல் கையெழுத்தை என் நண்பன் போடுவான். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மூன்றாவது உங்களுடையதாக இருக்கட்டும்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை