ஊர்ச் செய்தியும் ஊரின் உயிரும்

ஆங்கில நாட்டு மக்களை அறிய விரும்புவோர் பெரும்பாலும் இலண்டன் மாநகரத்துப் பெரும் பத்திரிகைகளையே நாடுவர். மந்திரிசபை மாறுதல்களும், வாணிகத்தின் ஏற்றத் தாழ்வுகளும், அரசகுடும்பத்தாரின் போக்குவரவும் அவற்றில் நிரம்பிக் கிடக்கும். ஆயின் அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மாதந்தோறும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கப்படும் சிறு பத்திரிகை ஒன்றனைக் கையில் எடுப்போமாயின், அங்கே வேறோர் உலகம் தோன்றும். வரும் சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் பழம்பொருள் விற்பனை. ஆலயமணி அடிக்கப் பழக விரும்புவோர் வருக. வயல்வழிப் பாதையில் வேலியைக் கடக்கும் மரப்படி முறிந்து கிடக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தன்று தேநீர் வழங்க இருவர் தேவை. சாம்பல்நிறப் பூனை ஒன்று காணவில்லை. மலர்க்கண்காட்சியில் இவ்வாண்டு வெங்காயத்திற்கும் தனிப் பரிசு உண்டு. இவை போல்வனவே அதன் செய்திகள்.

இவற்றைக் காணும் கல்லூரி மாணவர் நகைத்தல் கூடும். பூனை காணாமற்போனது ஒரு செய்தியா என வினவுதலும் கூடும். அஃது செய்தியே என்பதும், அத்தகைய செய்தி நின்றுபோன ஊர், வீடுகள் எத்துணை அழகாய் நிற்பினும், ஊர் ஆகாது என்பதும் எமது கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

இச்சிறு பத்திரிகைகளின் வரலாறு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்டது. டார்பி நகரில் குருவாயிருந்த ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்பவர் 1859-ஆம் ஆண்டில் பாரிஷ் பத்திரிகை ஒன்றனைத் தொடங்கினார். எல்லா ஊர்க்கும் பொதுவான பக்கங்களை ஓரிடத்தில் அச்சிட்டு, அந்தந்த ஊரின் செய்திகளை அந்தந்த ஊரார் தாமே சேர்த்துக்கொள்ளும் முறையை அவர் வகுத்தமையால், பொருள்வளம் இல்லாச் சிற்றூர்களும் தமக்கெனப் பத்திரிகை வைத்துக்கொள்ள இயன்றது. பாரிஷ் என்பது நாம் சேகரம் என வழங்குவதற்கு ஒப்பானது. ஆயின் அந்நாட்டில் அச்சொல் ஆலயத்தின் எல்லையை மட்டுமன்றி, ஊராட்சியின் எல்லையையும் குறிக்கும்.

அவ்வூராட்சி இன்றைய வடிவம் பெற்றது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தினால். முன்னூறு பேருக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டுப்புறப் பாரிஷ் ஒவ்வொன்றிற்கும் தேர்தலால் அமையும் சபை ஒன்று வேண்டுமென அச்சட்டம் விதித்தது. பாராளுமன்றத் தேர்தலில் பெண்டிர் எவர்க்கும் வாக்குரிமை இல்லாதிருந்த அக்காலத்திலேயே, இச்சபைகளுக்கு வாக்களிக்கவும் உறுப்பினராய் நிற்கவும், மணமானவர் உள்ளிட்ட பெண்களுக்கு உரிமை கிடைத்தது. இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பாரிஷ் சபைகளும் சிறுநகரச் சபைகளும் உள்ளன. நடைபாதை, இடுகாடு, விளையாட்டுவெளி, பேருந்து நிற்குமிடத்து நிழற்கூரை, தோட்டமில்லாதார் காய்கறி பயிரிடுதற்குக் குறைந்த வாடகைக்கு விடும் நிலத்துண்டு ஆகிய இவையே இவற்றின் கவலை. இவற்றுள் ஒன்றேனும் நாட்டைக் குலுக்குவது அன்று. எனினும் காலையில் எழுந்து வாயிலைத் திறக்கும் ஒருவன் முதன்முதல் மிதிப்பது நாட்டையன்று, தன் தெருவையே அன்றோ?

இங்கு நாம் கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டுக்கொரு முறை, மார்ச்சு முதல் நாளுக்கும் ஜூன் முதல் நாளுக்கும் இடையே, ஊர்மக்களின் பொதுக்கூட்டம் நடைபெறல் வேண்டும். மாலை 6 மணிக்கு முன்னர் அது தொடங்கலாகாது. பகலெல்லாம் உழைத்தவனும் வந்து அமர இயலவேண்டும் அன்றோ? கூட்டத்திற்கு முழுமையாக ஏழு நாள் முன்னரே, ஊரில் எல்லார் கண்ணிலும் படுமிடத்தில் அறிவிப்பு ஒட்டப்படல் வேண்டும். இவையெல்லாம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட விதிகள். ஆகவே ஆலயவாயிலிலோ தபாலாபீஸ் அருகிலோ மழையில் நனைந்து நிற்கும் அறிவிப்புப் பலகை வெறும் மரப்பலகை அன்று. அதில் ஒரு தாள் ஏறாவிடின் ஊர் கூடுதல் இயலாது. ஊர் கூடாவிடின், பேசத்தக்கவை பேசப்படா.

நிற்க. ஊர்ச் செய்தியை இங்ஙனம் புகழுதல் தகுமோ என்று ஐயுறுவோரும் உளர். சிற்றூரில் ஒருவர் தும்மினால் ஊரெல்லாம் பேசும். யார் வீட்டில் யார் வந்தனர், யார் ஆலயத்திற்கு வரவில்லை என்பதே பேச்சு. நகரத்திற் கிட்டும் தனிமையே சுதந்தரம் என்பது அவர் கூற்று. இதில் உண்மை இல்லையென்று கூறோம். பிறர் வாழ்வை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டோர் எந்நாட்டிலும் எவ்வூரிலும் உளர். ஆயின் புறங்கூறல் வேறு, செய்தி வேறு. புறங்கூறல் காதோடு காதாய்ச் செல்வது. பேசினவர் பெயர் அதில் இராது. மறுத்துரைக்க இடமும் இராது. செய்தியோ பலகையில் ஏறுவது. எழுதினவர் கையொப்பம் அதன்கீழ் நிற்கும். தவறாயின் அடுத்த மாதம் திருத்தப்படும். வெளிப்படையான செய்தி குறைந்த ஊரில்தான் மறைவான பேச்சு பெருகும். ஆதலின் புறங்கூறலுக்கு அஞ்சுவோர் ஊர்ப் பத்திரிகையை வெறுத்தல், நோய்க்கு அஞ்சி மருந்தை வெறுத்தல் போலாம்.

இனி, சிறு செய்தி வெறும் பேச்சாய் முடியாது செயலாய் விளைந்தமைக்குச் சில சான்றுகள் காண்போம். 1915-ஆம் ஆண்டில் ஸஸெக்ஸ் நாட்டுப்புறத்தைச் சார்ந்த சிங்கிள்டன் என்னும் சிற்றூரில், இங்கிலாந்தின் முதல் மாதர் கழகம் கூடிற்று. பழப்பாகு காய்ச்சுவோர் கூட்டம் என்று இக்கழகங்களை எள்ளினோர் பலர். ஆயின் சாலையோரத்துக் குப்பை என்னும் எளிய விஷயத்தைப் பற்றி அம்மாதர் 1954-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானமே, நாட்டைத் தூய்மையாய் வைத்துக்கொள்ளும் பேரியக்கம் ஒன்று பிறத்தற்குக் காரணமாயிற்று.

ஸோமர்ஸெட் பகுதியில் வெஸ்ட்பரி-சப்-மென்டிப் என்றோர் ஊர். வண்டியில் வந்துகொண்டிருந்த நூல்நிலையம் நின்றுபோயிற்று. கைப்பேசி பெருகியமையால் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அகற்றப்படும் நிலை வந்தது. 2009-ஆம் ஆண்டில் ஊரார் அக்கூண்டை ஒரே பவுன் விலைக்குப் பெற்று, அதனுள் பலகைகள் அமைத்து, படித்த நூலை வைத்துப் படியாத நூலை எடுத்துச் செல்லும் நூல்நிலையமாக்கினர். இரண்டு இழப்பு ஓர் ஆக்கமாயிற்று. பிற ஊர்களிலும் இத்தகைய கூண்டுகள் நூல்நிலையமாயின. சிலவற்றில், நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் மின்கருவி வைக்கப்பட்டுள்ளது.

கம்பிரியாவிலுள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் மலையடிவாரத்துச் சிற்றூரில், ஊரின் ஒரே மதுச்சாலையை 2003-ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் கூட்டுறவாய்ச் சேர்ந்து வாங்கினர். மதுவிலக்கில் பற்றுடைய நம் வாசகர் முகஞ்சுளித்தல் இயல்பே. ஆயின் அந்நாட்டுச் சிற்றூரில் மதுச்சாலை என்பது கிழவரும் குடியானவரும் குளிர்கால மாலையில் கூடிப் பேசும் திண்ணையுமாம். அவர் காத்தது அத்திண்ணையை எனக் கொள்க. லங்காஷயரின் லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ, பெரிய கம்பெனிகள் அதிவேக இணையக்கம்பியைக் கொண்டுவரத் தயங்கியபோது, 2011-ஆம் ஆண்டில் மக்கள் தாமே ஒரு சங்கம் அமைத்தனர். உழவர் தம் வயல்வழியே கம்பி செல்லக் கூலியின்றி இடமளித்தனர். ஊரார் மண்வெட்டி ஏந்திப் பள்ளம் தோண்டினர். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

இவற்றை அறிந்த பாராளுமன்றம் 2011-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, ஊருக்குப் பயன்படும் கடை, மண்டபம் முதலியவற்றை ஊரார் முன்னரே பட்டியலில் ஏற்றி வைக்க வழிசெய்தது. பட்டியலிலுள்ள இடம் விற்பனைக்கு வருமாயின், தாம் வாங்க விரும்புவதாக ஊர்ச்சங்கம் ஆறு வாரத்துள் தெரிவித்தல் வேண்டும். தெரிவிப்பின், பொருள் திரட்ட ஆறு மாதத் தவணை கிடைக்கும். வாசகர் இதனை நன்கு நோக்குக. சட்டம் உரிமையைத் தந்தது. அதனை ஆறு வாரத்துள் அறிந்து பயன்படுத்தும் விழிப்பைத் தரவில்லை. அதனைத் தரவல்லது பலகையும், அதனைப் படிக்கும் கண்ணுமே. எவரும் பார்க்காத பலகையுள்ள ஊரில் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.

செய்தியற்ற ஊர் எத்தகையது என அறிய விரும்புவோர் டார்ஸெட் கடற்கரையை அடுத்த டைனம் என்னும் இடத்தை நினைக்க. 1943-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், படைப்பயிற்சியின் பொருட்டு அப்பகுதியினின்று ஏறக்குறைய 225 பேர் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தது, அவர் திரும்பவில்லை. 1948-ஆம் ஆண்டில் சர்க்கார் அந்நிலத்தைக் கட்டாயமாய் எடுத்துக்கொண்டது. ஆலயமும் பள்ளிக்கூடமும் இன்றும் செம்மையாய்ப் பேணப்பட்டு நிற்கின்றன. தொலைபேசிக் கூண்டும் உண்டு. விடுமுறை நாளில் காண்போர் திரளாய் வருவர். மாலையில் அனைவரும் திரும்பிவிடுவர். அங்கே பூனை காணாமற்போவதில்லை; தேட எவரும் இல்லை.

டைனத்தைக் காலி செய்தது சேனை. இன்று சேனையின்றியே காலியாகும் ஊர்கள் உள்ளன. கார்ன்வால் முதலிய கடலோரங்களில், நகரத்துச் செல்வர் கோடைக்கென இரண்டாவது வீடு வாங்குதலால் விலை ஏறி, அவ்வூரிற் பிறந்து அங்கேயே உழைக்கும் இளைஞர்க்குக் குடியிருக்க வீடின்றிப் போகிறது. குளிர்காலத்தில் தெருமுழுதும் விளக்கு எரியா. செயின்ட் ஐவ்ஸ் என்னும் சிறுநகரிலும் அதனைச் சார்ந்த ஊர்களிலும் 2016-ஆம் ஆண்டில் நடந்த வாக்கெடுப்பில், புதிதாய்க் கட்டப்படும் வீடுகள் நிலையாய்க் குடியிருப்போர்க்கே உரியன என்னும் திட்டத்தை வாக்களித்தோருள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், இரண்டாவது வீட்டிற்கு இருமடங்கு வரி விதிக்க உள்ளூர் ஆட்சிகளுக்கு அதிகாரமும் கிடைத்தது.

இவை வேண்டுவனவே, ஆயினும் போதா என்போம். வரி விதித்து ஒருவனை வீட்டில் இருக்கச் செய்யலாம். அயலானாகச் செய்தல் இயலாது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரெல்லாம் ஊருக்குப் பகைவர் என்பதும் பிழை. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று வந்தவரே பல ஊர்களில் பத்திரிகையைத் தொகுப்பவரும், கணக்கு எழுதுபவரும், நோயாளரை மருத்துவமனைக்குத் தம் காரில் அழைத்துச் செல்பவரும் ஆவர். ஊரான் யார் என்பதை அவன் பிறந்த இடமன்று, பலகையைப் படித்து அவன் செய்யும் வேலையே காட்டும்.

மற்றொன்றும் மறைத்தற்கில்லை. ஊரார் தாமே எல்லாம் செய்வர் என்று கண்டால், செய்யக் கடமைப்பட்ட ஆட்சியாளர் கைகட்டி இருந்துவிடுதலும் உண்டு. நின்றுபோன பேருந்தை ஊர்த்தொண்டர் எந்நாளும் ஓட்டிக்கொண்டிருத்தல் இயலாது. எவ்வேலைக்கும் அதே பத்துப்பேர் முன்வந்து, முதுமையால் ஒருநாள் அவரும் ஓய்வர். ஊர்த்தொண்டு ஆட்சியின் கடமைக்கு ஈடாகாது. ஆயினும் அக்கடமையைக் கேட்டுப் பெறுதற்கும் ஒன்றுபட்ட குரல் வேண்டும். பூனைக்கும் வெங்காயத்திற்கும் கூடிப் பழகாத மக்கள், பேருந்து நின்ற அன்று திடீரெனக் கூடுதல் அரிது.

நம் கல்லூரி மலரின் கடைசிப் பக்கங்களில் விடுதிச் செய்தியும், விளையாட்டுச் செய்தியும், சங்கங்களின் அறிக்கையும் அச்சாகின்றன. கட்டுரையையும் கவிதையையும் படித்துவிட்டு, அவற்றைப் புரட்டித் தள்ளுவோர் பலர். யாமும் அவருள் ஒருவராய் இருந்ததுண்டு. பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றவன் பெயரும், விடுதி உணவுக்கணக்கை ஓராண்டு எழுதினவன் பெயரும் அங்கேதான் உள்ளன. இம்முறை அவற்றையும் படித்துவிட்டு மலரை மூடுமாறு வாசகரை வேண்டுகின்றோம்.