ஆண்டுதோறும் திருந்திய கார்

ஜப்பானிய நிஸான் கம்பெனியார் 2007 டிசம்பரில் விற்பனைக்குக் கொணர்ந்த ஜி.டி.ஆர். என்னும் விரைவுக் கார், ஆர்-35 என்ற அதே அமைப்பில் 2025 ஆகஸ்டு வரை செய்யப்பட்டது. புதிதொன்று சமையாது, பழையதனையே ஏறக்குறைய ஆண்டுதோறும் திருத்தி வந்தமையே இதன் விசேஷம். ஆதியில் 480 குதிரைசக்தியுடைய இயந்திரம், 2011-ஆம் வருஷ மாதிரியில் 530, மறு வருஷம் 550, 2017-இல் 570 என வளர்ந்தது.

சென்ற ஆண்டு வாங்கிய வண்டி இவ்வாண்டே பழமை எய்துகின்றதே என்று இதன் அபிமானிகளுள் ஒரு சாரார் வருந்துவர். இஃது எமக்குப் பெருங்குறையாகத் தோன்றவில்லை. பிறனுடைய புது வண்டியினால் நம் வண்டியின் வேகம் குறைவதன்று. குதிரைசக்தியை எண்ணி எண்ணிக் களிப்பதுந்தான் சிறுபிள்ளைத்தனம்! மெய்யான பயன் வேறிடத்திலுளது. 2014-ஆம் வருஷ மாதிரியில் ஸ்பிரிங்குகளையும் அதிர்ச்சி தாங்கிகளையும் சீர்செய்து, எலும்பை உலுக்கிய கடுமையைத் தணித்தனர். அக்கடுமையே இதன் வீரம் என்று முறையிட்டாரும் உளர். நாள்தோறும் அதனை ஓட்டுவோர் அங்ஙனங் கூறார்.

விலையின் செய்தி வேறு. முதலில் 77 இலட்சத்து 70 ஆயிரம் யென்னுக்கு விற்றது, முடிவில் ஒரு கோடியே 40 இலட்சத்தையுங் கடந்தது. பெருஞ்செல்வர் கார்களோடொத்த வேகத்தைக் குறைந்த விலைக்குத் தந்தமையாலன்றோ இது பெயர் பெற்றது? இதனை முணுமுணுப்பார் பக்கமே யாமும் நிற்கின்றோம்.