பாசி வேறு, கறை வேறு!

குத்தாலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். (அருவி கொட்டும் குற்றாலம் என்று எண்ணி எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பிவிடாதீர்கள்! இது மயிலாடுதுறைக்கு மேற்கே, காவிரிக் கரையில் உள்ள குத்தாலம். ஆற்றிடைத் திட்டு என்று பொருள்படும் 'திருத்துருத்தி' என்பது அந்த ஊரின் பழைய பெயர்.) "வீட்டு விஷயங்களுக்கான பகுதியில் படகைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன்" என்று ஆரம்பிக்கிறார். தாராளமாகக் கேட்கலாம், அம்மணி! படகும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிற பாத்திரந்தானே?

சமாசாரம் இதுதான். தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறார் ஒரு அம்மாள். அந்த அம்மாள் வீட்டில் ஒரு பைபர் படகு உண்டு. என்ஜின் பழுதாகி, ரிப்பேருக்குப் பணம் புரளாமல், நாலைந்து மாதம் முகத்துவாரத்துத் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்தது. ஒரு வழியாகப் பணம் புரட்டிப் படகைக் கரையேற்றிப் பார்த்தால், வெள்ளை வெளேரென்று இருந்த அடிப்பக்கம் முழுவதும் கொழகொழவென்று பாசி. தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில், டிகாக்ஷன் கொட்டியதுபோல் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. ஆணியிலிருந்து வழிந்த துரு. போதாக்குறைக்கு, அங்கங்கே கல்லுக் கல்லாக ஒட்டிக்கொண்ட கூடுகள். தாயும் மகளும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்தார்கள். பாசி போயிற்று; கறை போகவில்லை. கழிப்பறைக்கு வாங்கி வைத்திருந்த ஆசிட்டை எடுத்து வந்து, அதன் மேலேயே ஊற்றினார்கள். படகின் அடியில் குனிந்திருந்த தாய்க்குக் கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சுத் திணறிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்.

"குளியலறையில் நானும் அப்படித்தான் இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன். நெடி தூக்கலாக இருந்தால் சுத்தமும் அதிகம் என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இப்படி நினைப்பவர் அவர் ஒருவர்தானா? இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த இரண்டு டப்பாக்களும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன? ஆகவே, படகு ஒரு நிமிஷம் காத்திருக்கட்டும். முதலில் மூச்சைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பிளீச்சிங் பவுடருக்குள் குளோரின் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீரில் கரைத்தால் கொஞ்சங் கொஞ்சமாகத் தன் வேலையைச் செய்யும். அதன் மேல் அமிலம் பட்டதோ, அடைபட்டது அத்தனையும் வாயுவாகக் குபுகுபுவென்று கிளம்பிவிடும். 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியம் நாட்டு ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியர் எதிரிகளின் மேல் திறந்துவிட்டது இதே வாயுதான். போர்க்களத்து ஆயுதத்தை நாம் குளியலறையில், கதவையும் சாத்திக்கொண்டு, தயாரித்துக் கொண்டிருக்கிறோம்! ஆசிட் என்றால் கடையில் விற்கும் ஆசிட் மட்டுமல்ல. வினிகரும் எலுமிச்சம் பழமும்கூட இந்த வேலையைச் செய்யும், அளவுதான் குறைவு. கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. அது வேறொரு விஷப் புகை.

இந்த வாயு காற்றைப்போல் சுமார் இரண்டரை மடங்கு கனம். மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தரையாகத் தங்கும். கடற்கரைக் காற்றில் இருந்தும் அந்த அம்மாளுக்கு அப்படி ஆனதற்குக் காரணம், படகின் அடியில் குனிந்து உட்கார்ந்திருந்ததுதான். நீங்களும் குளியலறைத் தரையைக் குனிந்துதானே தேய்க்கிறீர்கள்? தப்பித் தவறி இப்படி நேர்ந்துவிட்டால், மேலே தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று அங்கேயே நிற்காதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். கண் எரிந்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று சும்மாயிருக்கவும் கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துக்கூட நேரலாம். டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

இனி படகுக்கு வருவோம்.

தஞ்சைக் கரையோரத்துக் குப்பங்களில் ஒரு காலத்தில் கட்டுமரந்தான் எங்கும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து கட்டுமரங்களையும் வள்ளங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை பைபர் படகுகளே. 1942-ல் அமெரிக்காவில் ஓஹாயோவைச் சேர்ந்த ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து ஒரு சின்னப் படகு செய்தார். அந்த வித்தைதான் உலகமெல்லாம் சுற்றி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

பைபர் என்ற பெயரைக் கேட்டு, என்ன தேய்த்தாலும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் பாட்டிமார் ரசத்துக்கு வைத்திருந்த ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் நினைவிருக்கிறதா? பலம் பித்தளையில், பத்திரம் ஈயத்தில். வேலைக்காரி மணலைப் போட்டுத் தேய்த்தால் பாட்டி என்ன கூச்சல் போடுவார்! பைபர் படகும் அப்படித்தான். உள்ளே கண்ணாடி இழையும் பிசினும். மேலே பளபளவென்று தெரிவது, சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு பூச்சு. ஜெல்கோட் என்பார்கள். இரும்பு நாரும் உப்புத்தாளும் அந்தப் பூச்சைத்தான் கீறுகின்றன. ஒவ்வொரு கீறலும் அடுத்த பாசிக்கு நீங்கள் போட்டுக் கொடுக்கிற பாய்! ஆக, முரட்டுத்தனமாகத் தேய்த்த படகு முன்னைவிட வேகமாக அழுக்காகும். இன்னும் ஆழமாகக் கீறினால் தண்ணீர் உள்ளே இறங்கி, படகே இற்றுப்போகும்.

பாசி வேறு, கறை வேறு. அந்த அம்மாள் இரண்டையும் ஒன்று என்று எண்ணியதால்தான் ஆசிட் வரைக்கும் போக நேர்ந்தது. பாசி என்பது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர். கறை என்பது பூச்சுக்குள் ஊறிப்போன நிறம். உயிருக்கு வேண்டியது தண்ணீரும் தேய்ப்பும். நிறத்துக்கு வேண்டியது மருந்தும் பொறுமையும்.

சுத்தமான படகைத் தண்ணீரில் இறக்கிய சில மணி நேரத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து ஒட்ட ஆரம்பித்துவிடுகின்றன. அவை கக்குகிற பசைதான் நம் கையில் கொழகொழவென்று படுவது. அதன் மேல் டயாட்டம் என்னும் ஓரணுப் பாசிகள் குடியேறும். இவை ஒவ்வொன்றும் கண்ணாடியின் மூலப்பொருளாகிய சிலிக்காவினால் தனக்கென்று ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. கண்ணாடிப் படகில் கண்ணாடி வீட்டுக்காரர்கள் குடித்தனம்! கடைசியில் வருவதுதான் கொட்டலசு என்கிற அந்தக் கல்லுக் கூடு. பார்த்தால் சிப்பி மாதிரி. உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. தலையைக் கீழே ஒட்டவைத்துக்கொண்டு, காலால் இரையை வாய்க்குத் தள்ளிக்கொண்டே ஆயுள் முழுவதையும் கழித்துவிடுகிற விசித்திரப் பிராணி. சார்லஸ் டார்வின் 1846 முதல் எட்டு வருஷம் இதை ஆராய்ந்து தடித்தடியாகப் புத்தகம் எழுதினார். அந்த வீட்டு அம்மாளின் பொறுமையை எண்ணி வியக்கிறேன்.

இவ்வளவும் ஒட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அழகு போனால் போகட்டும். எண்ணெய் அல்லவா போகிறது! மெல்லிய பாசிப் படலம் இருந்தாலே தண்ணீர் படகைப் பிடித்து இழுக்கும். கொட்டலசும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதே தூரத்துக்கு என்ஜின் கூடுதலாகக் குடிக்கும். மீன் விலைப்படாத நாளில் அந்தக் கூடுதல் செலவு அடுப்பங்கரையில்தான் வந்து விடியும்.

பாசிக்கு வைத்தியம் சுலபம், ஆனால் உடனே செய்ய வேண்டும். படகு கரையேறியதும், ஈரம் காய்வதற்கு முன்பே, நல்ல தண்ணீர் ஊற்றி, பீர்க்கங்காய்க் கூட்டினாலோ மெத்தென்ற பிரஷ்ஷினாலோ தேய்த்தால் தோசைமாவு வழிவதுபோல் வழிந்துவிடும். சாதாரணச் சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்து இறுகிப்போயிருந்தால், நனைத்த கோணிச் சாக்கை ஒரு மணி நேரம் அதன்மேல் போர்த்தி வையுங்கள். தோசைக்கல்லில் தீய்ந்ததை ஊறவைத்துத் தேய்ப்பதில்லையா? கொட்டலசை இரும்புக் கரண்டியால் பெயர்க்கக் கூடாது. மூங்கில் பத்தையோ மரத் துண்டோ போதும். கூடு போன பிறகு வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு நிற்கும். அது சுண்ணாம்பு. வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்தால் நுரைத்துக் கரையும். உங்கள் வீட்டுக் குழாயில் போர் தண்ணீர் படியவிடும் வெள்ளைப் பொருக்கும் இதே சுண்ணாம்புதான். இதே வினிகர்தான் மருந்து. ஆனால், முன்பு பிளீச்சிங் பவுடர் போட்ட இடமாக இருந்தால், நன்றாகக் கழுவி முடித்த பிறகே வினிகர்!

நம் கரையில் பல படகுகள் கடலிலிருந்து வந்ததும் மணலில் ஏறிவிடுகின்றன. சில ஊர்களில் டிராக்டர் வைத்துக்கூட இழுக்கிறார்கள். இப்படி அன்றாடம் வெயிலில் காயும் படகில் பாசிக்கு வாழ்வு இல்லை. தண்ணீரிலேயே கட்டிக் கிடப்பதற்குத்தான் இந்தக் கஷ்டமெல்லாம். கடல் கொட்டலசுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. சில நாள் ஆற்று நீரில் கிடந்தால் செத்துப்போகும்.

செம்பும் பாசிக்கு ஜன்ம சத்துரு. 1761-ல் ஆங்கிலேயர் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பக்கம் முழுவதும் செப்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். இன்று படகின் அடியில் பூசும் பாசித் தடுப்பு வர்ணங்களிலும் செம்பு உண்டு. செப்புக் குடத்துத் தண்ணீரில் பாசி பிடிக்காததைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கணக்குத்தான். அந்த வர்ணம் பூசிய படகை ஓங்கித் தேய்த்தால் மருந்தே போய்விடும். துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்புவதும் கூடாது.

கறை சமாசாரம் வேறு. பழுப்புக் கோடு, ஆற்றில் மட்கிய இலை தழைகளின் சாயம். சிவப்பு வழிசல், இரும்பு. இரண்டுக்கும் ஒரே மருந்து ஆக்ஸாலிக் அமிலம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். மொசைக் தரை பாலீஷ் போட வருகிறவர்கள் தூவுகிற வெள்ளைப் பொடிதான் அது. வயல் வரப்பில் பிள்ளைகள் பறித்து மெல்லும் புளியாரையின் புளிப்பும் இதனால்தான். அந்தச் செடியின் லத்தீன் பெயரிலிருந்துதான் அமிலத்துக்கே பெயர் வந்தது.

பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 50 கிராம் பொடி. தண்ணீரில் பொடியைப் போட வேண்டும். ரப்பர் கையுறை அவசியம், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். முதலில் ஒரு மூலையில் உள்ளங்கையளவு பூசிப் பாருங்கள். சரியாக இருந்தால் கறை உள்ள இடங்களில் துணியால் தடவி, காயவிடாமல் பத்து, பதினைந்து நிமிஷம் வைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தேய்க்கவே வேண்டாம், நிறம் தானே மங்கும். கொஞ்சம் மிச்சமிருந்தால் மறு நாள் இன்னொரு தரம். பிறகு நன்றாகக் காயவைத்து மெழுகுப் பாலீஷ் போட்டுவிட்டால் அடுத்த கறை சுலபத்தில் ஏறாது. கழுவின தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

துருக் கறைக்குப் பிளீச்சிங் பவுடர் பிரயோஜனமே இல்லை. அது இரும்பை மேலும் துருவாக்கி நிறத்தை உறைய வைக்கும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் துவைத்த வெள்ளை வேஷ்டி, பிளீச்சில் போட்ட பின்பு இன்னும் மஞ்சளாகி வந்து, சலவை செய்தவரோடு நீங்கள் சண்டை பிடித்ததுண்டா? பாவம், அவர் மேல் குற்றமில்லை. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டு அலசுங்கள்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் அமிலப் பேச்சே வேண்டாம். குடிக்கிற, குளிக்கிற தண்ணீர். மூடியை இறுக மூடி வெளிச்சம் போகாமல் பார்த்துக்கொண்டால் பச்சைப் பாசி அண்டாது. வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டியைக் காலி செய்து, பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசலை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் வைத்து, இரண்டு முறை அலசிவிட்டால் போதும். தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பதானால் பவுடர் கரைப்பதற்கு முன்பே இறங்கி ஏறிவிட வேண்டும்; வெளியே ஒருவர் துணைக்கு நிற்கட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை, குத்தாலம் சகோதரிக்கும் மற்றவர்களுக்கும். ஆக்ஸாலிக் பொடி பார்ப்பதற்குச் சர்க்கரையைப் போலவே இருக்கும். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். மீந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி அடுப்பங்கரை அலமாரியில் வைக்காதீர்கள். வாங்கின உறையோடு, பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பிளீச்சிங் பவுடர் இருக்கிற அறைக்கு வேறான ஓர் இடத்தில் பூட்டி வையுங்கள். மீன்கார அம்மாள் அடுத்த முறை வரும்போது இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். படகின் அடியில் அந்தப் பழுப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது என்றுதானே எழுதியிருந்தீர்கள்?