பாட்டு முடிந்தது, வீடு திரும்புவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு. கடைசிக் கச்சேரி முடிந்துவிட்டது. மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஐந்து நாளாகக் கூடாரத்தில் படுத்து, வரிசையில் நின்று சாப்பிட்டு, தொண்டை வற்றப் பாடிய ஜனங்களுக்கு இப்பொழுது ஒரே நினைப்புத்தான். வீட்டுக்குப் போக வேண்டும். வெந்நீரில் குளிக்க வேண்டும். கட்டிலில் கால் நீட்டிப் படுக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டிலுக்கும் இந்தக் கூடாரத்துக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் சாலை கிடக்கிறது. அதைக் கடக்க வேண்டியவர், ஐந்து நாளாகச் சரியாகத் தூங்காத ஒரு கார் ஓட்டி.

இங்கிலாந்தில் கோடைக்காலம் வந்துவிட்டால் இந்தக் காட்சியைப் பல கிராமங்களில் காணலாம். வயல்வெளியில் மேடை போட்டு, ஜனங்கள் கூடாரம் அடித்துத் தங்கிக் கேட்கும் சங்கீத விழாக்கள் அங்கே ஏராளம். மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அங்கே சென்றிருக்கும் நம் இளைஞர்களுக்கும் இவை புதிதல்ல. விழாவுக்குப் போவதைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். திரும்புவதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஆபத்து இருப்பதோ அங்கேதான்.

பால் பண்ணையில் பிறந்த விழா

இவ்விழாக்களுள் பெயர் பெற்றது கிளாஸ்டன்பரி. சாமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்னும் கிராமத்தை ஒட்டிய வொர்த்தி பண்ணையில் நடக்கிறது. மாடு வளர்த்துப் பால் விற்ற மைக்கேல் ஈவிஸ் என்ற விவசாயி 1970-ம் ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி இதை ஆரம்பித்து வைத்தார். அன்று டிக்கட் 1 பவுன். பண்ணைப் பால் இலவசம்! வந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

இன்றோ அனுமதிக்கப்பட்ட தொகை 2 லட்சத்து 10 ஆயிரம். 2025-ம் ஆண்டு ஜூன் 25 முதல் 29 வரை நடந்த விழாவுக்கு டிக்கட் 373 பவுன் 50 பென்ஸ். பதிவுக் கட்டணம் தனி. அந்த ஐந்து நாளும் ஒரு பெரிய நகரமே புல்வெளியில் குடியேறிவிடுகிறது எனலாம்.

மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விழாவை நிறுத்தி வைப்பது வழக்கம். 2026 அவ்விதமான ஓய்வு ஆண்டு. புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்று யோசித்தவர்கள் கார் ஓட்டிகளின் ஓய்வைப் பற்றியும் யோசிக்க இது நல்ல தருணம்.

வருவது மெல்ல, போவது மொத்தமாக

விழாவுக்கு வருகிறவர்கள் புதன், வியாழன், வெள்ளி என்று பிரிந்து வருகிறார்கள். போகும்போது அப்படி இல்லை. ஞாயிறு இரவு முதல் திங்கள் மாலைக்குள் அநேகமாக எல்லோரும் கிளம்பிவிட வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு 30,000 கார்கள் என்று வைத்துக் கொள்வோம். வயலிலிருந்து வெளியேற நான்கு வழிகள். ஒவ்வொரு வழியிலும் மணிக்கு 1,000 கார் தடையின்றிப் போகிறது என்றும் வைத்துக் கொள்வோம். அப்போதும் கடைசிக் கார் வெளியேற ஏழரை மணி நேரம் ஆகும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்தக் கணக்கு. ஒரு கார் சேற்றில் சிக்கினால், இன்னொரு காரில் பாட்டரி தீர்ந்திருந்தால், கணக்கு மாறிவிடும்.

வயலைத் தாண்டினால் சாலையாவது அகலமா? இல்லை. பில்டன் வழியே செல்லும் ஏ-361 சாதாரண நாட்டுப்புறச் சாலை. லண்டன் செல்பவர்களில் பலர் ஏ-303 சாலையைப் பிடிக்கிறார்கள். அது ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் புராதனக் கல் வட்டத்தின் அருகே ஒடுங்கி, போக ஒரு தடம் வர ஒரு தடம் என்று ஆகிவிடுகிறது. கோடை விடுமுறையில் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த இடத்தில் சுமார் 2 மைல் நீளத்துக்குச் சுரங்கப் பாதை அமைக்கும் திட்டம் பல வருஷங்களாகப் பேசப்பட்டது. செலவு கட்டுப்படியாகாது என்று 2024-ம் ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் அதைக் கைவிட்டுவிட்டது.

மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். 2016-ம் ஆண்டு விழாவுக்கு முன் பெய்த மழையில் கார் நிறுத்தும் வயல்கள் சகதியாகிவிட்டன. வண்டிகள் சாலையிலேயே பல மணி நேரம் நின்றன. இன்னும் கிளம்பாதவர்கள் பிரயாணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று விழா நடத்துவோரே கேட்டுக் கொள்ள நேர்ந்தது.

நெரிசல் எரிச்சல் தரும், ஆளைக் கொல்லாது. கொல்லுவது, நெரிசல் விட்ட பிறகு விரிந்து கிடக்கும் நேர்சாலையில், வெயிலும் சக்கரத்தின் ஒரே தினுசான ஓசையும் சேர்ந்து வரவழைக்கும் தூக்கம்.

ஒரு கண் அயர்வு, பத்து உயிர்

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி விடியற்காலை. வட இங்கிலாந்தில் செல்பிக்கு அருகே கிரேட் ஹெக் என்ற இடம். எம்-62 மோட்டார் சாலையில் லாண்ட் ரோவர் வண்டி ஒன்று சாலையை விட்டு விலகியது. சரிவில் இறங்கி ரயில் தண்டவாளத்தில் போய் நின்றது. நியூகாஸிலிலிருந்து லண்டன் நோக்கி வேகமாக வந்த பிரயாணி ரயில் அதன்மீது மோதித் தடம் புரண்டது. எதிரே வந்த நிலக்கரி ரயில் அந்தப் பிரயாணி ரயில் மீது மோதியது. பத்துப் பேர் மாண்டனர்.

வண்டியை ஓட்டியவர் முந்திய இரவு முழுவதும் தூங்காமல் டெலிபோனில் பேசிக் கொண்டிருந்தவர் என்று வழக்கு விசாரணையில் தெரிய வந்தது. தாம் கண் அயரவில்லை என்று அவர் சாதித்தார். ஜூரர்கள் அதை ஏற்கவில்லை. அவருக்கு ஐந்து வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் குடித்திருந்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. தூங்கவில்லை, அவ்வளவுதான்.

தூக்கமின்மைக்கும் குடிக்கும் என்ன உறவு? ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-ம் ஆண்டில் இதை அளந்து சொன்னார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவனைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் 100 மில்லிகிராம் உள்ளவனைப் போல.

இங்கிலாந்தின் சட்டம் அனுமதிக்கும் அளவு 80 மில்லிகிராம். ஆகவே ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இரவெல்லாம் ஆடிப்பாடிவிட்டுக் காலையில் காரைக் கிளப்புகிறவர், சட்டம் குற்றவாளி என்று சொல்லும் நிலையைத் தாண்டிய தடுமாற்றத்தில் இருக்கக் கூடும். குடித்தவரைப் பிடிக்க ஊதும் கருவி உண்டு. தூக்கத்தைக் கண்டுபிடிக்கப் போலீஸாரிடம் அப்படி ஒரு கருவி இல்லை. அவரே அவருக்குப் போலீஸாக இருக்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், ரேடியோவை உரக்க வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். லஃப்பரோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இவ்விரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். பலன் மிகச் சொற்பம், அதுவும் சற்று நேரத்துக்குத்தான் என்று கண்டார்கள். பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தின் 91-ம் விதி கூறும் வழி வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது 15 நிமிஷம் நிறுத்துங்கள். தூக்கம் வந்தால் பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு கோப்பைக் காப்பி குடித்து, குறைந்தது 15 நிமிஷம் கண்ணை மூடுங்கள். காப்பி உடம்பில் வேலை செய்யச் சிறிது நேரமாகும். தூங்கி எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். மோட்டார் சாலையின் ஓரத்தில் நிறுத்தித் தூங்கக் கூடாது.

நேற்று குடித்தது இன்று பிடிக்கும்

விழாக்களில் பீர் தாராளமாக ஓடுகிறது. நேற்று இரவு குடித்ததுதானே, தூங்கி எழுந்தால் போயிற்று என்பது பலருடைய எண்ணம். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சாதாரண பீர் ஒரு பைண்டில் பிரிட்டிஷ் வைத்தியக் கணக்குப்படி சுமார் 2.3 யூனிட் சாராயம் இருக்கிறது. உடம்பு மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட்டைத்தான் கரைக்கிறது. மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குள் ஆறு பைண்டு குடித்தவரின் ரத்தத்தில் மறுநாள் காலை 8 மணிக்கும் சாராயம் மிச்சமிருக்கலாம். குளியலும் காப்பியும் அதைத் துரத்தாது.

அகப்பட்டால் இங்கிலாந்தில் குறைந்தது 12 மாதம் லைசென்ஸ் பறிபோகும். எடின்பரோ வரை செல்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2014-ம் ஆண்டு டிசம்பர் முதல் அனுமதி அளவு 50 மில்லிகிராம்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றமற்றவராக இருந்தவர் அந்தப் பக்கம் குற்றவாளி ஆகலாம்! போதைப் பொருள்களுக்கும் 2015-ம் ஆண்டு மார்ச் முதல் இங்கிலாந்தில் தனி அளவுகள் விதிக்கப்பட்டுள்ளன. சாலையோரத்திலேயே எச்சிலைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

பாலைவனம் கற்பித்த பாடம்

திரும்பும் பிரயாணத்தை ஒழுங்கு செய்ய முடியாதா? முடியும் என்று காட்டுகிறது அமெரிக்காவில் நெவாடா மாகாணத்துப் பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழா. வறண்ட ஏரிப் படுகையில் கூடும் பதினாயிரக் கணக்கானோர், ஒரு சாதாரண இருவழிச் சாலையில் ஊர் திரும்ப வேண்டும். வண்டிகளை ஓயாமல் ஊர விடாமல் கூட்டம் கூட்டமாக நிறுத்தி, மணிக்கு ஒரு முறை முன்னே செல்ல விடுகிறார்கள். நடுவில் இஞ்சினை அணைத்துவிட்டு இளைப்பாறலாம். காத்திருக்கும் நேரம் குறைவதில்லை; காத்திருக்கும் சிரமம் குறைகிறது.

2023-ம் ஆண்டில் அங்கே மழை கொட்டியது. களிமண் சக்கரத்தை விடாமல் பற்றியது. 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிக்கிக் கொண்டனர். வண்டி ஓட்டத் தடை விதித்தார்கள். செப்டம்பர் 4-ம் தேதி திங்கட்கிழமை பிற்பகல் தடை நீங்கியதும், முடிந்தவர்கள் செவ்வாய் வரை பொறுத்துப் போங்கள் என்று கேட்டுக் கொண்டார்கள். தண்ணீரும் உணவும் கூடுதலாகக் கொண்டு வந்தவர்களால் பொறுக்க முடிந்தது. அவ்விழாவுக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பது விதி.

யார் என்ன செய்யலாம்?

கார் இல்லாமல் வருவதே முதல் யோசனை. கிளாஸ்டன்பரி விழாவினர் பஸ் பிரயாணத்துடன் சேர்ந்த டிக்கட்டுகளைத் தனியாக விற்கிறார்கள். காசில் கேரி ரயில் நிலையத்துக்கும் விழாவுக்கும் இடையே இலவச பஸ் விடுகிறார்கள். பஸ்ஸில் நீங்கள் தூங்கலாம். டிரைவர் முந்திய இரவு தம் வீட்டில் தூங்கியிருப்பார்.

கார்தான் என்று முடிவு செய்தவர்கள், வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே நான்கு விஷயங்களைத் தீர்மானித்துக் கொள்ள வேண்டும். கடைசி இரவு குடிக்காமல், ஆறு மணி நேரமாவது தூங்கப் போகிறவர் யார்? அவருக்கு மாற்றாக ஓட்டக் கூடியவர் யார்? அவருடைய பெயர் இன்ஷ்யூரன்ஸில் இருக்கிறதா? வழியில் எங்கே நிறுத்துவது? மோட்டார் சாலை ஓய்விடங்களில் பொதுவாக 2 மணி நேரம் வரை இலவசமாக வண்டி நிறுத்தலாம். ஒரு குட்டித் தூக்கத்துக்கு அது தாராளம்.

கார் நிறுத்திய வயலின் அடையாளத்தை அன்றே எழுதி வைத்துக் கொள்ளுங்கள். வரும் வழியிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். கார் பாட்டரியில் செல்போனுக்கு மின்சாரம் ஏற்றாதீர்கள். திரும்பும் நாளுக்கென்று தண்ணீரும் ரொட்டியும் தனியே எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கள். திங்கள் மாலைக்குள் வீடு சேர்ந்தாக வேண்டும், மறுநாள் காலை ஆபீஸில் இருக்க வேண்டும் என்ற அவசரம்தான், தூங்கி வழியும் ஒருவரை ஸ்டியரிங்கின் முன் உட்கார வைக்கிறது. அந்த ஒரு நாள் கையில் இருந்தால், “இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம்” என்று சொல்லும் தைரியம் தானே வரும்.

விழா நடத்துவோருக்கும் பங்கு உண்டு. கடைசிக் கச்சேரி முடிந்த மறுநாள் இரவும் தங்கிப் போக விரும்புவோருக்கு ஒரு வயலை ஒதுக்கினால் என்ன? வெளியேறும் வாயிலில், மனமுவந்து வருவோருக்கு ஊதிப் பார்க்கும் சோதனை வைத்தால் என்ன? 900 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் 2 லட்சம் பேரையும் நிர்வகிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

சந்தோஷமாக ஐந்து நாள் கழிக்கப் போகிறவர்களிடம் ஆபத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் திருவிழா நல்லபடியாக முடிந்தது என்போம் நம் ஊரில். வயல்வெளிக் கச்சேரிக்கும் அது பொருந்தும். காரில் சென்ற நால்வரும் தத்தம் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் தட்டும்போதுதான் அந்தக் கச்சேரி முடிகிறது.