பாடமே கதையாக வேண்டும்!

குழந்தைகளுக்குக் கார்ட்டூன் என்றால் உயிர். சோறு இறங்க வேண்டுமா? கார்ட்டூன். அழுகை நிற்க வேண்டுமா? கார்ட்டூன். செல்போன் வந்த பிறகு, இது வீட்டுக்கு வீடு நடக்கும் காட்சி.

"பார்ப்பதுதான் பார்க்கிறது, நாலு நல்ல விஷயத்தைத் தெரிந்துகொள்ளட்டுமே!" என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். நியாயமான ஆசை.

ஆனால், இந்த ஆசையை நம்பி வரும் படங்கள் பல எப்படி இருக்கின்றன? ஐந்து நிமிடம் குரங்கு குட்டிக்கரணம் போடும். திடீரென்று கதை நின்றுவிடும். ஒரு தாத்தா வந்து, "பொய் சொல்லக்கூடாது, பல் துலக்க வேண்டும்" என்று உபதேசம் செய்வார். குழந்தை எழுந்து போய்விடும். குரங்கு மனதில் நிற்கும். உபதேசம் நிற்காது.

மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தால், கெட்டிக்காரக் குழந்தை வெல்லத்தைச் சப்பிவிட்டு மருந்தைத் துப்பிவிடும்!

பாடம் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று இருந்தால் இதுதான் நடக்கும். பாடமே கதையின் முடிச்சாக இருக்க வேண்டும். முடியுமா? முடியும். செய்து காட்டியிருக்கிறார்கள்.

மீனாவின் கோழிகள்

1991 முதல் 2000 வரையிலான பத்து ஆண்டுகளைப் பெண் குழந்தைகளுக்கு உரியவை என்று தெற்கு ஆசிய நாடுகள் அறிவித்தன. அந்தச் சமயத்தில், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெப், "மீனா" என்ற கார்ட்டூன் தொடரைத் தயாரித்தது. வங்காளதேசத்தில் தொடங்கிய முயற்சி அது.

அதில் பெரும் பங்கு, மும்பையில் கார்ட்டூன் நிலையம் நடத்திய ராம் மோகனுக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தவர். 1956-ல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து தொழில் பழகியவர்.

மீனா ஒரு கிராமத்துச் சிறுமி. தம்பி ராஜு பள்ளிக்கூடம் போகிறான். அவளுக்கு வீட்டு வேலை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்! கிளி கேட்டு வந்து சொன்னதை வைத்து எண்ணக் கற்றாள். வீட்டுக் கோழிகளை எண்ணினாள். ஒரு நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. திருட்டு வெளிப்பட்டது. திருடன் பிடிபட்டான். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று இருந்த தகப்பனார், மீனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

இந்தக் கதையில் இருந்து எண் கணக்கை எடுத்துவிடுங்கள். திருடன் தப்பிவிடுவான். கதையே இல்லை! பெண்ணுக்குப் படிப்பு வேண்டும் என்று அங்கே யாரும் மேடை ஏறிப் பேச வேண்டியது இல்லை. கோழி சொல்லிவிட்டது.

இன்னொரு கதையில், மீனாவும் ராஜுவும் ஒரு நாளைக்கு வேலையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொள்கிறார்கள். வேலை அதிகம், சோறு குறைவு என்பது பெண்ணின் பங்கு. பொழுது சாய்வதற்குள் ராஜு துவண்டுவிடுகிறான். பார்க்கும் குழந்தை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பிலேயே நியாயமும் புரிந்துவிடுகிறது.

இந்த வெற்றி தானாக வரவில்லை. மீனாவின் முகம், உடை, கதை எல்லாவற்றையும் பல நாடுகளில் மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பிடிக்காததை மாற்றினார்கள். பிறகே படம் வெளிவந்தது.

பறவைகளும் வலையும்

அதற்கு முன்பே, 1974-ல் பிலிம்ஸ் டிவிஷன் ஓர் இந்திப் படம் வெளியிட்டது. விஜயா முலே எடுத்த படம். ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று ஒரு குழந்தை கேட்கிறது. வேடன் வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறந்த கதை பதிலாக வருகிறது. ஒரு பறவையால் தூக்க முடியாத வலையைப் பல பறவைகள் தூக்குகின்றன. ஒற்றுமையை இதைவிட எப்படி விளக்குவது? தூர்தர்ஷனில் அதைப் பார்த்த சிறுவர்கள் பெரியவர்களாகியும் மறக்கவில்லை.

பெயர்ப் பலகை போதாது

இன்று செல்போனில் வரும் படங்களில் "கல்வி" என்ற பெயர்ப் பலகைக்குப் பஞ்சம் இல்லை. பலகையை நம்பலாமா?

அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளுக்குக் கல்வி தரும் நிகழ்ச்சிகளை டெலிவிஷன் நிலையங்கள் ஒளிபரப்ப வேண்டும் என்றது சட்டம். நிலையங்கள் என்ன செய்தன? "ஜெட்சன்ஸ்" என்ற பழைய வேடிக்கைக் கார்ட்டூனையே கல்விப் படம் என்று கணக்குக் காட்டின! எதிர்கால வாழ்க்கையைக் கற்பிக்கிறதாம்! 1992-ல் ஓர் ஆய்வு இதை அம்பலப்படுத்தியது.

வேடிக்கைப் படம் வேடிக்கைப் படமாகவே இருக்கட்டும். சிரிப்பது குழந்தையின் உரிமை. ஆனால், அதைப் பாடம் என்று சொல்லி விற்பது மோசடி.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளியிடுவதற்கு முன், பத்துக் குழந்தைகளை உட்கார வைத்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் முகத்தைத் திருப்புகிறார்களோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

பெற்றோர்களும் கவனிக்க வேண்டும். 2 வயது முதல் 4 வயது வரை, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம்; அதற்கும் சிறிய குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியிருக்கிறது. பார்க்கும் நேரம் கொஞ்சம் என்றால், பார்ப்பது நல்லதாக இருக்க வேண்டாமா?

படம் முடிந்ததும், "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று குழந்தையைக் கேட்காதீர்கள். அது பரீட்சை. "கதை சொல்லு, கேட்போம்" என்று மடியில் உட்கார வையுங்கள். குழந்தை சொல்லும் கதைக்குள் பாடமும் வந்தால், அது நல்ல படம். நாளைக்கும் அதையே போடுங்கள்.